ஹினகுபோவுக்கு ஒரு நாள் பயணம்

அத்தியாயம் 14

காலை ஏழு நாற்பதுக்கு எட்சுகோ குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். துணி துவைக்கும் மெஷின்மேல் சாய்ந்து நின்று கைப்பேசியைத் திறந்தாள்.

முதலில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. பிறகு அந்த வெள்ளைக்குள் ஒரு கம்பம் முளைத்தது. கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலிகள், சாப்பாட்டுக் கூடத்தின் கூரை, கூரை விளிம்பில் ஈட்டி ஈட்டியாய்ப் பனிக்கட்டி. ஹினகுபோ பனிச்சறுக்குத் திடலின் கேமரா நாள் முழுக்க இணையத்தில் இதைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். இப்படி நாற்காலியில் மலையேற்றும் லிஃப்ட் இரண்டே உள்ள சின்ன இடம். டோக்கியோக்காரர்கள் பெயர்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஏழு நாற்பத்திரண்டு. ஆரஞ்சு ஜாக்கெட் போட்டவன் மண்வெட்டியோடு வந்தான்.

எட்சுகோ கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

அவன் மண்வெட்டியைப் பனியில் நட்டான். இரண்டு கையாலும் தொடையில் பட் பட்டென்று இரண்டு தட்டுத் தட்டினான். அப்புறம்தான் குனிந்து பனியை வாரத் தொடங்கினான்.

முகம் தெரியாது. தொப்பி, கண்ணாடி, மூக்குவரை இழுத்துவிட்ட கழுத்துத்துணி. ஆனால் கனமாக எதையும் தூக்குமுன் தொடையில் இப்படி இரண்டு தட்டுத் தட்டுகிற ஆள் அவளுக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒருத்தன்தான். ஆறு வயதில் புத்தகப் பையைத் தூக்கும்போதே தட்டியவன். அவள் பெற்ற பிள்ளை, நவோயுகி.

நான்கு வருடத்துக்கு முன்பு, கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, "இந்தக் கல்யாணம் வேண்டாம், காரணம் மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றவன். "அப்படீன்னா இனிமே இந்த வாசப்படி ஏறாதே" என்று அப்பா சொன்ன ஒரு சொல்லுக்கு, அன்று போனவன் போனவன்தான்.

மூன்று வாரம் முன்பு, பள்ளிக்கூடச் சமையலறையில் அவளோடு வேலை பார்க்கும் ஹாட்சுயே, ஞாயிற்றுக்கிழமைக்குப் பனி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக இந்தக் கேமராவைத் திறந்து காட்டினாள். எட்சுகோ கையிலிருந்த கரண்டி சூப் அண்டாவுக்குள் விழுந்தது. அன்றிலிருந்து தினமும் காலை ஏழு நாற்பதுக்கு அவளுக்கு வயிற்றுக் கோளாறு.

கணவர் குனிஹிரோ கதவைத் தட்டினார்.

"எட்சுகோ, இன்னும் சரியாகலையா?"

"ஆயிடுச்சுங்க. இதோ வந்துட்டேன்."

"மூணு வாரமா இதையேதான் சொல்றே. டாக்டரைப் பாக்கலாம்னாலும் கேக்க மாட்டேங்கறே. மாத்திரை வாங்கி வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டு வெளியே வா. உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

திரையில் அவன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தான். எட்சுகோ கட்டைவிரலால் அந்த ஆரஞ்சுப் புள்ளியை ஒரு தடவை தடவிவிட்டு அணைத்தாள்.

கூடத்தில், கணப்பு வைத்த தாழ்மேசை முழுக்க வரைபடம் விரிந்து கிடந்தது. குனிஹிரோ மூக்கு நுனியில் கண்ணாடியும் கையில் சிவப்புப் பென்சிலுமாய் உட்கார்ந்திருந்தார். முப்பத்தெட்டு வருடம் ஷிபுகாவா ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஓய்வு பெற்றும் வாரத்தில் மூன்று நாள் பயிற்சிப் பள்ளிக்குப் போய் யாரையாவது திட்டிவிட்டு வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

"அடுத்த சனிக்கிழமை. காலை ஆறு பத்துக்குக் கிளம்பறோம்" என்றார்.

"எங்கே?"

"எங்கேயா? நீதானே ஹினகுபோ போகணும்னு கேட்டே?"

கேட்டது போன வாரம். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவள் தானாக ஓர் இடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போது அவர் "ம்" என்றுகூடச் சொல்லாமல் பேப்பரைப் புரட்டிவிட்டுப் போனார். சரி, அவ்வளவுதான் என்று அவள் விட்டுவிட்டாள்.

"எட்டு மணிக்கு அங்கே இருக்கோம். எட்டரைக்கு லிஃப்ட் ஓட ஆரம்பிக்கும். பதினொண்ணேகாலுக்கே சாப்பிட்டுடணும், பன்னெண்டுக்குப் போனா இடம் கிடைக்காது. உனக்கு பூட், பலகை எல்லாம் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கலாம். கால் அளவு இருபத்திமூணரை சென்டிமீட்டர்தானே?"

"ஆமா... நான் சும்மா ஓரமா நின்னு பாக்கறேங்க."

"ஓரமா நிக்கவா இவ்ளோ தூரம்? கடைசியா நீ எப்போ சறுக்கினே?"

"கல்யாணத்துக்கு முன்னாடி. நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க. லிஃப்ட்ல மேல ஏத்தி விட்டுட்டு நீங்க பாட்டுக்கு சர்ருனு கீழே போயிட்டீங்க."

"திரும்பி மேலே வந்தேன்ல?"

"முக்கால் மணி நேரம் கழிச்சு."

குனிஹிரோ சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க. எட்சுகோ மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இந்தச் சிரிப்பைக் கேட்டு நான்கு வருடம் ஆகிவிட்டது.

பொய் சொல்லிக் கூட்டிப் போகிறோமே என்ற எண்ணம் அப்போதுதான் முதன்முதலாக அவளைக் குத்தியது.

*

பத்து மணிக்கு மினோரி வந்தாள். இளையவள், முப்பது வயது. தகாசாகியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, தனியாக ஒரு அறை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அம்மா சமையலைச் சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

காலணியைக் கழற்றும்போதே முற்றத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "அப்பா! இது என்ன, அருங்காட்சியகத்துக்குக் குடுக்கப் போறீங்களா?"

முற்றத்துச் சுவரில் இரண்டு பனிச்சறுக்குப் பலகைகள் சாத்தியிருந்தன. ஆளைவிட உயரம், குச்சி மாதிரி ஒல்லி. குனிஹிரோ வாலிபத்தில் வாங்கியவை.

"வாய மூடு. அந்தக் காலத்துல இதோட நான் இறங்கினா மலையே ஒதுங்கி வழி விடும்."

"இப்போ ஆம்புலன்ஸ்தான் வழி விடும். எங்கே போறதுக்கு இதெல்லாம்?"

"அடுத்த சனிக்கிழமை ஹினகுபோ. நீயும் வரே. மூணு பேருக்கும் சேத்துத்தான் திட்டம் போட்டிருக்கேன்."

மினோரி கழுத்துத்துணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது.

"ஹினகுபோவா?"

"ஏன், பேர் புடிக்கலையா?"

"இல்ல... அங்கே என்னப்பா இருக்கு? ரெண்டே லிஃப்ட். வெந்நீர் ஊற்றுகூடக் கிடையாது. போறதுதான் போறோம், குசாட்சு பக்கம் போனா அம்மா நல்லா வெந்நீர்ல உக்காந்துட்டு வரலாமே?"

"எனக்கு வெந்நீர் வேண்டாம். ஹினகுபோதான்" என்றாள் எட்சுகோ, அடுப்படியிலிருந்து. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"ஏம்மா அப்படி அடம் புடிக்கறே?"

"நீ ஏன் அப்படி வேண்டாங்கறே?"

குனிஹிரோ பென்சிலும் கையுமாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "லிஃப்ட் எண்ணிக்கைக்கா இவ்ளோ சண்டை? ரெண்டு போதும். நாம மூணு பேர்தானே."

மூணு பேர் என்று அவர் சொன்னதும் மினோரி தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கே அது காதில் பட்டிருக்க வேண்டும். வரைபடத்தை மடித்தார், மறுபடி விரித்தார். "போய் அம்மாவுக்கு நல்ல கையுறையா வாங்கிட்டு வா. தோட்ட வேலைக்குப் போடறதைப் போட்டுட்டு வந்து நிப்பா" என்றார். "கார் எடுத்துட்டுப் போ. பின்கண்ணாடி பாத்து எடு."

"பன்னெண்டு வருஷமா ஓட்டறேன்ப்பா."

"பன்னெண்டு வருஷமா பாக்காமதான் எடுக்கறே."

*

நெடுஞ்சாலையோரக் கடையில் குளிர்காலச் சாமான்களைத் தள்ளுபடியில் குவித்து வைத்திருந்தார்கள். எட்சுகோ நீலக் கையுறை ஒன்றை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். அளவு சரியாக இருந்தும் கழற்றினாள்.

"மினோரி."

"ம்."

"உனக்கு ஒண்ணு காட்டணும். சிரிக்கக் கூடாது. அம்மாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னும் சொல்லக் கூடாது."

கைப்பேசியைத் திறந்து நீட்டினாள். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு சிறுமிகள் தடுமாறி வரிசையில் வந்தார்கள். ஆரஞ்சு ஜாக்கெட்காரன் வந்த நாற்காலியை ஒரு கையால் பிடித்து நிறுத்தி, குனிந்து, அவர்களை உட்காரவைத்து விட்டான்.

"இவனைப் பாரு. நடக்கறதைப் பாரு. எனக்கு என்னமோ..."

சொல்லிக்கொண்டே மகளை நிமிர்ந்து பார்த்தாள். மினோரி திரையைப் பார்க்கவில்லை. எதிரே தொங்கிய காலுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"நீ பாக்கவே இல்லையேடீ."

"பாக்க வேண்டாம்மா. எனக்குத் தெரியும்."

கடையில் ஏதோ தள்ளுபடி அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. எட்சுகோ, கோட்டுகள் தொங்கிய கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"போன குளிர்காலத்துலேர்ந்து. அண்ணன்தான் மெசேஜ் அனுப்பிச்சான். கோடைல வயல் வேலை, குளிர்காலத்துல அங்கே. நல்லாத்தான் இருக்கான்மா."

"ஒரு வருஷமா!" எட்சுகோ மகள் பக்கம் திரும்பினாள். "ஒரு வருஷமா என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டுப் போறே. நான் தினம் அவன் போட்டோ முன்னாடி..." சொல்ல வந்ததை நிறுத்தினாள். செத்தவனுக்குச் செய்வதுபோல ஒரு கிண்ணம் தேநீர் வைப்பதை யாருக்கும் அவள் சொன்னதில்லை. "என்னைப் பாத்தா உனக்குப் பாவமா இல்லையா?"

"இருந்துதும்மா. ஒவ்வொரு தடவையும் ரயில்ல திரும்பிப் போறப்ப அழுதுட்டுத்தான் போவேன். ஆனா அவன் சத்தியம் வாங்கிட்டான். வீட்டுக்குத் தெரிஞ்சா இங்கேர்ந்தும் போயிடுவேன்னான். அப்புறம் எனக்கும் இல்லாம போயிடுவானேன்னு பயந்துட்டேன்."

"ஏன் கல்யாணத்தை நிறுத்தினானாம்? அதையாவது சொன்னானா?"

"சொன்னான். ஆனா அதை அவன் வாயாலதான் நீ கேக்கணும்மா. நான் சொல்ற விஷயம் இல்ல."

எட்சுகோ மகளை அறைந்துவிடலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியாமல் நின்றாள். கையில் ஒற்றைக் கையுறை.

"சரி. அடுத்த சனிக்கிழமை அவனையே கேக்கறேன்."

மினோரி உதட்டைக் கடித்தாள். "அதுக்குத்தாம்மா நான் தவிச்சேன். அடுத்த சனிக்கிழமை அவன் அங்கே இருக்க மாட்டான். ஹொக்கைடோவுல ஒரு பெரிய திடல்ல ஆள் பத்தலையாம், திங்கட்கிழமை கிளம்பறான். அங்கேயே நிரந்தர வேலையாகவும் ஆயிடலாம். நாளைக்குத்தான் ஹினகுபோவுல கடைசி நாள்."

நாளை ஞாயிறு.

மூன்று வாரமாக, மலைக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறான் என்ற நினைப்பே எட்சுகோவைச் சோறு தின்ன வைத்திருந்தது. வடக்கே, காற்று வருகிற திசையில், இதோ அந்த மலைக்குப் பின்னால். ஹொக்கைடோ என்றால் கடல் தாண்டி. அங்கே எந்தக் கேமராவில் போய்த் தேடுவது?

"நாளைக்கு நீயும் நானும் ரயில்ல போயிடலாம்மா" என்றாள் மினோரி. "அப்பாகிட்ட தகாசாகில துணி எடுக்கப் போறோம்னு சொல்லிடு. சாயங்காலத்துக்குள்ள திரும்பிடலாம். அடுத்த வாரம் உனக்கு உடம்பு சரியில்லைன்னு அந்தப் பயணத்தை நிறுத்திடலாம். அப்பாவுக்குத் தெரியவே வேண்டாம்."

எட்சுகோ தலையாட்டினாள். நீலக் கையுறையை எடுத்துக்கொண்டு பணம் கட்டும் இடத்துக்கு நடந்தாள்.

காரில் வரும் வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நாளைக்கு மினோரியோட தகாசாகி போறேங்க. நாளைக்கு மினோரியோட தகாசாகி போறேங்க. பத்துத் தடவை சொல்லியும் அது வாயில் உட்காரவில்லை.

*

குனிஹிரோ முற்றத்தில் இருந்தார். பழைய இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, பலகையின் அடியில் மெழுகு தேய்த்து முடித்திருந்தார். வெயில் இருந்தது. ஆனால் ஷிபுகாவாவின் காய்ந்த காற்று கன்னத்தை அறுத்தது. பனியையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, காற்றை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பும் ஊர் இது.

மினோரி அம்மாவின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு உள்ளே போனாள்.

"வந்தியா? இதைப் பாரேன்!"

படிக்கட்டில் உட்கார்ந்து வலது காலை நீட்டிக் காட்டினார். காலில் கெட்டிப் பிளாஸ்டிக் பனிச்சறுக்கு பூட். கருப்பில் மஞ்சள் கோடு. நான்கு கொக்கியும் மாட்டியிருந்தது.

"என்னோடது மக்கிப் போயிருந்துச்சு, தொட்டா உதிருது. கொட்டகைல இது கிடந்துது. போட்டுப் பாத்தா அளவெடுத்த மாதிரி இருக்கு."

அது நவோயுகி காலேஜ் படிக்கும்போது, கடையில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கியது. அவருக்கும் தெரியும். யாருடையது என்று அவர் சொல்லவில்லை. பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொன்னார். எப்படித் தேடினார், எப்படித் தூசி தட்டினார், உள்ளே ஒரு பழைய காலுறை சுருண்டு கிடந்ததுகூட.

"அவனுக்குக் கால் என்னைவிடப் பெரிசுன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார் கடைசியில், பூட்டைப் பார்த்துக்கொண்டே. "ஒரே அளவுதான் போலிருக்கு."

எட்சுகோ பத்துத் தடவை ஒத்திகை பார்த்த வாக்கியம் அங்கேயே செத்தது.

"என்னங்க."

"ம்?"

"ஹினகுபோவுல நவோயுகி இருக்கான்."

காற்றில் பலகை ஒன்று சரிந்து சுவரில் உரசி விழுந்தது. இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.

அவள் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். கேமரா, காலை ஏழு நாற்பது, வயிற்று வலி என்று சொன்ன பொய், மினோரி, நாளைக்குக் கடைசி நாள் என்பது. சொல்லி முடிக்கும்வரை அவர் தலையைத் தூக்கவில்லை.

பிறகு எழுந்தார். முகம் சிவந்திருந்தது. ஒரு சொல்லும் சொல்லாமல் விறுவிறுவென்று வெளியே போய்விட வேண்டும் என்றுதான் எழுந்தார். ஆனால் ஒரு காலில் பூட், ஒரு காலில் செருப்பு. டக், சரக், டக், சரக் என்று நொண்டி நொண்டி முற்றத்தின் பாதிவரை போய் நின்றார். குனிந்து கொக்கியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை.

"கழட்டித் தொலை இதை!"

எட்சுகோ போய் மண்டியிட்டாள். கொக்கி துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. முதலாவதை விடுவிக்கவே விரல் சிவந்துவிட்டது.

"என்னை ஏமாத்திக் கூட்டிட்டுப் போகப் பாத்தே."

"ஆமாங்க."

"நாப்பத்திமூணு வீடு" என்றார் அவர், அவள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு. "நாப்பத்திமூணு வீட்டு வாசல்ல போய் நின்னு, வாங்கின மொய் உறையைத் திருப்பிக் குடுத்துத் தலை குனிஞ்சேன். பாதிப் பேர் என்கிட்ட வண்டி கத்துக்கிட்டவங்க. நான் திட்டித் திட்டிச் சொல்லிக் குடுத்த பசங்க முன்னாடி நான் குனிஞ்சு நின்னேன்."

"நானும்தானே உங்க பக்கத்துல நின்னேன். எனக்கு மட்டும் வெக்கமா இல்லையா? மானம் போச்சுன்னு எத்தனை நாள்தான்..."

"மானத்தை யார் பேசறா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒவ்வொரு வீட்டுலயும் குனியறப்ப, பக்கத்துல வந்து நிப்பான்னு நினைச்சேன்." அவர் வாசல் பக்கம் பார்த்தார். "காரணம் சொல்ல வேண்டாம். அப்பா, நானும் வரேன்னு ஓடி வந்து நின்னாப் போதும். வெளியே போன்னு சொன்னா போயிடுவானா ஒருத்தன்? நான் எத்தனை பேரை வண்டிலேர்ந்து இறங்கிப் போடான்னு சொல்லியிருக்கேன். மறுநாள் எல்லாரும் வந்து நிக்கலை? கடைசி வீடுவரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே வந்தேன் எட்சுகோ. நாப்பத்திமூணாவது வீட்டுலயும் பாத்தேன்."

எட்சுகோ இரண்டாவது கொக்கியைப் பிடித்தாள். பக்கத்தில் நின்றவள் அவள்தான். ஆனால் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தது தெருவில் யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் என்று நினைத்திருந்தாள். நான்கு வருடமாக அப்படியே நினைத்திருந்தாள்.

இரண்டாவது கொக்கி விட்டது. மூன்றாவது. நான்காவதும்.

பூட்டைக் கழற்றியதும் அவர் வெறுங்காலைக் குளிர்ந்த தரையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். வெயில் சுவரைவிட்டு ஏறிப் போய்விட்டது.

"நாளைக்கு எப்படிப் போறதா இருந்தீங்க, அம்மாவும் பொண்ணும்?"

"ரயில்ல. அங்கேர்ந்து பஸ்."

"ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் ரெண்டே பஸ். காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. இன்னிக்கு ராத்திரியிலேர்ந்து மலைல பனி கொட்டப்போகுதுன்னு வானிலை அறிக்கைல சொல்லியிருக்கான். பஸ் வரலைன்னா என்ன பண்ணுவே?"

"நடந்து போவேன்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடத்தில் பார்க்காத ஒரு முகத்தைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"நான் ஓட்டறேன்" என்றார்.

"நீங்க..."

"சொல்றதைக் கேளு. நான் ஓட்டிட்டு வரேன். வண்டி நிறுத்தற இடத்துலயே உக்காந்திருப்பேன். இறங்க மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் போய் அவனைப் பாத்துட்டு வாங்க. எவ்ளோ நேரம் வேணும்னாலும் ஆகட்டும். நான் வந்திருக்கேன்னு அவன்கிட்ட சொல்ல வேண்டாம்."

நான்கு வருடமாக இருந்த தூரம், ஒரு வண்டி நிறுத்துமிடத்துக்கும் ஒரு லிஃப்டுக்கும் நடுவே வந்து நின்றது. எட்சுகோவுக்கு அதுவே பெரிய வரமாகத் தெரிந்தது. அதற்குமேல் கேட்கப் பயமாகவும் இருந்தது.

பின்னால் கதவு நகர்ந்தது. மினோரி நின்றிருந்தாள். கையில் கைப்பேசி. மூக்கு நுனி சிவந்திருந்தது.

"நான் எல்லாத்தையும் கேட்டுட்டிருந்தேன்" என்றாள். "அப்பா, நீங்க திட்டினாலும் பரவாயில்ல. மறைச்சு மறைச்சு எனக்கு அலுத்துப் போச்சு. நாளைக்கு அம்மா வரா, அப்பாதான் ஓட்டிட்டு வரார்னு அண்ணனுக்கு அனுப்பிட்டேன்."

"உன்னை யாரு அனுப்பச் சொன்னா!" குனிஹிரோ பாதி எழுந்தார்.

எட்சுகோ மகள் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தாள். வீட்டுக்குத் தெரிந்தால் இங்கிருந்தும் போய்விடுவேன் என்றானாமே. இப்போதே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால்?

"பதில் வந்துதா?"

"படிச்சுட்டான்னு காட்டுது. இருபது நிமிஷமா ஒண்ணும் வரல."

மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குனிஹிரோ பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டில் யாரோ ஜன்னலின் வெளிக்கதவை இழுத்துச் சாத்தினார்கள். தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று.

கைப்பேசி அதிர்ந்தது.

மினோரி படித்தாள். ஒரு தடவை மனசுக்குள், அப்புறம் வாய்விட்டு.

"'கடைசி வளைவுல தரை கண்ணாடி மாதிரி வழுக்குது. டயருக்குச் சங்கிலி போட்டுட்டு வரச் சொல்லு.'"

அவ்வளவுதான். அப்பா என்ற சொல் அதில் இல்லை. மன்னிப்பு இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

குனிஹிரோ வெறுங்காலோடு எழுந்து நின்றார்.

"எனக்குச் சொல்லித் தரானா?" என்றார். "முப்பத்தெட்டு வருஷம் ஊருக்கே ஓட்டக் கத்துக் குடுத்தவன்கிட்ட, சங்கிலி போட்டுட்டு வரணுமாம்! யாரு யாருக்குச் சொல்றது!"

குரலில் கோபம்தான் இருந்தது. ஆனால் செருப்பைத் தேடி மாட்டக்கூடத் தோன்றாமல் அவர் கொட்டகைக்குள் போனார். உள்ளே சாமான்கள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு, வருடக்கணக்காய்த் தொடாத இரும்புச் சங்கிலியைத் தரையோடு இழுத்து வரும் சத்தம்.

எட்சுகோ மகளின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, அந்த இரண்டு வரியைத் தானும் ஒரு தடவை படித்தாள். கடைசிச் சொற்கள் வந்ததும் நிறுத்தினாள். மறுபடி படித்தாள்.

வரச் சொல்லு.